உன் பெட்டியை நீயே தூக்கு!

யாரைத் தேடுகிறாய்?

சென்னை சென்ட்ரல் என்றால் சிவப்புச் சட்டை ஓடி வரும். பேரம் பேசலாம். பெட்டி அவர் தலைக்கு ஏறும். நீ தண்ணீர் பாட்டிலோடு பின்னால் நடக்கலாம்.

ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட் நிலையத்தில் அந்தச் சிவப்புச் சட்டை கிடையாது. கொலோனில் கிடையாது. ஹாம்பர்க்கில் கிடையாது.

உன் பெட்டிக்கு நீதான் போர்ட்டர்!

கசக்கிறதா? கசக்கட்டும். பிளாட்பாரத்தில் நின்று கசப்பதைவிட, வீட்டில் உட்கார்ந்து கசப்பது நல்லது.

"அது எப்படி முடியும்? 23 கிலோ பெட்டி இரண்டு இருக்கிறதே!"

ஏன் இருக்கிறது? விமானம் அனுமதித்தது, அதனால் அடைத்தாய். அப்படித்தானே?

விமானத்தில் அதைத் தூக்கியது நீயா? கவுன்ட்டரில் பெல்ட் வாங்கிக்கொண்டது. மறுமுனையில் இன்னொரு பெல்ட் கொண்டுவந்து கொடுத்தது. வாசல்வரை டிராலி சுமந்தது. இதுவரை உன் 46 கிலோவை நீ தூக்கவே இல்லை!

ரயில் நிலையத்தில்தான் முதன்முதலாகத் தூக்கப் போகிறாய். அதுவும் ரயில் நிற்கும் இரண்டே நிமிடத்தில். கூட்டத்தின் நடுவில். தூக்கமில்லாத கண்களோடு.

முடியுமா? நெஞ்சைத் தொட்டுச் சொல், முடியுமா?

"சக்கரம் இருக்கிறதே!" என்பாய்.

அந்தச் சக்கரத்தின் கதை உனக்குத் தெரியுமா? 1970-ல் பெர்னார்ட் சாடோ என்ற அமெரிக்கர் சூட்கேஸுக்கு அடியில் சக்கரம் மாட்டினார். வாரைக் கட்டி இழுத்துக் காட்டினார். கடை கடையாக ஏறி இறங்கினார். ஒருவரும் வாங்கவில்லை. ஆம்பிளை பெட்டியைத் தூக்குவானே தவிர இழுத்துக்கொண்டு நடப்பானா என்கிற எண்ணம் குறுக்கே நின்றது. நியூயார்க்கின் மேசிஸ் கடையும் முதலில் மறுத்தது. சாடோ வீட்டுக்குப் போய்ப் படுத்தாரா? படுக்கவில்லை. அதே மேசிஸ் பிறகு வாங்கியது. 1972-ல் காப்புரிமை கிடைத்தது. 1987-ல் ராபர்ட் பிளாத் என்ற விமானி பெட்டியை நிமிர்த்தி, இரண்டு சக்கரமும் நீளும் கைப்பிடியும் வைத்தார். இன்று உன் கையில் இருப்பது அந்த வம்சம்தான்.

நல்ல கண்டுபிடிப்பு. ஆனால், அது உன்னை ஏமாற்றும்!

சமதளத்தில் கனமே தெரியாது. விரல் நுனியால் தள்ளிக்கொண்டு ராஜநடை போடுவாய். முதல் படிக்கட்டு வரும். அங்கே சக்கரம் செத்துப்போகும். 23 கிலோவும் ஒரே நொடியில் உன் தோளில் இறங்கும்.

வெனிஸுக்குப் போகிறாயா? ரயில் கடல்மேல் ஓடி சாந்தா லூச்சியா நிலையத்தில் நிற்கும். வெளியே வந்தால் கண்ணெதிரே பெருங்கால்வாய். எவ்வளவு அழகு! அக்கரைக்குப் போக வேண்டுமா? பக்கத்திலேயே ஸ்கால்சி பாலம். முழுக்க முழுக்கக் கல்படி! அந்த ஊரில் கார் இல்லை, ஆட்டோ இல்லை. ஒரு பாலம் இறங்கினால் அடுத்த பாலம். பெட்டியைப் பிடித்துக்கொண்டு, வியர்த்து, ஒவ்வொரு படியாக "டொக் டொக்" என்று மோதிக்கொண்டு ஏறுகிறவர்களை அங்கே தினமும் பார்க்கலாம். வெனிஸின் அழகு அவர்கள் கண்ணில் படுமா? படி மட்டும்தான் படும்!

பாரிஸில் கார் து நோர் நிலையத்தில் இறங்கி, கார் து லியோனில் அடுத்த ரயிலா? ஆர்.இ.ஆர். டி புறநகர் ரயிலில் இரண்டே நிறுத்தம். கேட்கச் சுலபம். ஆனால் ஊருக்குள் மெட்ரோவில் ஏறினால், 14-ம் வழித்தடம் தவிர, பெரும்பாலான நிலையங்களில் லிஃப்ட் இல்லை. மூலைக்கு மூலை படி. பெர்லின் தலைமை நிலையம் பரவாயில்லை. லிஃப்ட் உண்டு, எஸ்கலேட்டர்களும் ஏராளம். ஆனால் 1 முதல் 8 வரையிலான பிளாட்பாரங்கள் பாதாளத்தில். 11 முதல் 16 வரை மேலே ஆகாயத்தில். நடுவே நீயும் உன் கல்யாணச் சீர்வரிசையும்!

எதைத்தான் அடைத்திருக்கிறாய் அதில்? திற. பார்ப்போம்.

ஐந்து கிலோ அரிசி. ஏன்? "அங்கே கிடைக்காவிட்டால்?" ஜெர்மனியின் எந்தப் பெரிய ஊரிலும் ஆசியக் கடை உண்டு. பொன்னி இல்லாவிட்டால் பாசுமதி சாப்பிடு. உயிர் போகாது!

நான்கு ஸ்வெட்டர். ஏன்? "குளிர் தாங்காவிட்டால்?" உடம்பு ஒன்றுதானே? ஒன்றைப் போட்டுக்கொள், ஒன்றை வை.

நெய் பாட்டிலும் பால்கோவாவுமா? அடடா! பாலிலும் இறைச்சியிலும் செய்த பண்டங்களை வெளிநாட்டிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கையில் கொண்டுபோகத் தடை. சுங்கத்தில் பிடித்தால் குப்பைக்குத்தான் போகும். அம்மா கிண்டியதாயிற்றே என்று அழுதாலும் போகும்.

கிடைக்காவிட்டால், தாங்காவிட்டால், பத்தாவிட்டால்... பெட்டி முழுக்க இந்த 'விட்டால்'களை மடித்து அடுக்கியிருக்கிறாய். 46 கிலோவில் துணி பாதி. மீதி பயம்!

அந்தப் பயத்தை வெளியே எடு. எடுத்து மேசைமேல் வை. ஒவ்வொன்றையும் முகத்துக்கு நேரே கேள்: நீ இல்லாமல் எனக்கு என்ன ஆகிவிடும்?

ஒன்றும் ஆகாது!

"விதிமுறைகளை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது."

என்ன பெரிய விதிமுறை? ஜெர்மன் ரயிலில் உன் பெட்டியை எடை போட யாரும் வரமாட்டார்கள். லண்டனிலிருந்து பாரிஸ் போகும் யூரோஸ்டாரில், சாதாரண வகுப்பில் 85 சென்டிமீட்டருக்குள் பெட்டி இரண்டு, கைப்பை ஒன்று. அங்கேயும் எடை வரம்பு இல்லை. உன்னால் தூக்க முடிய வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை! பிரான்ஸின் அதிவேக ரயிலான டி.ஜி.வி. இனுயி மட்டும் கொஞ்சம் கறார். பெரிய உருப்படி இரண்டு, ஒவ்வொன்றும் 70 x 90 x 50 சென்டிமீட்டருக்குள். மீறினால் 50 யூரோ அபராதம் விழலாம். பெட்டியில் பெயர்ச்சீட்டும் தொங்க வேண்டும். ஸ்பெயினின் அதிவேக ரயில்களுக்குப் பெட்டியை ஸ்கேனரில் விட்ட பிறகுதான் உள்ளே விடுவார்கள். முடிந்தது. இதற்கா நடுங்குகிறாய்?

ஒரு தேர்வுக்குப் படித்தாயே, அதில் நூற்றில் ஒரு பங்கு உழைப்பு போதும் இதற்கு.

சரி, இப்போது பிளாட்பாரத்துக்கு வா. இங்கேதான் கோழையும் வீரனும் பிரிகிறார்கள்.

ஜெர்மனியின் அதிவேக ஐ.சி.இ. ரயில்கள் இரண்டைச் சேர்த்துப் பூட்டி ஓட்டினால் நீளம் 400 மீட்டர். உன் கோச் எங்கே நிற்கும்? தெரியாதா? ரயில் வந்த பிறகு, 23 கிலோவை இழுத்துக்கொண்டு 400 மீட்டர் ஓடப் போகிறாயா?

ஓடாதே. முன்னாலேயே தெரிந்துகொள்! பிளாட்பாரத்தின் நீளம் முழுக்க ஏ, பி, சி, டி என்று எழுத்துகள் தொங்கும். எந்த கோச் எந்த எழுத்தருகே நிற்கும் என்று பலகை காட்டும். ஜெர்மன் ரயில்வேயான டாய்ச்ச பானின் செயலியும் காட்டும். உன் எழுத்தின் கீழே போய் நில். ரயில் உன்னிடம் வரட்டும்!

சில நாள் கோச் வரிசை தலைகீழாக வரும். கடைசி நேரத்தில் ஒலிபெருக்கி சொல்லும். சுற்றி நிற்பவர்கள் திடீரென எதிர்த்திசையில் நடக்க ஆரம்பித்தால், செல்போனிலிருந்து தலையைத் தூக்கு. எழுத முடியாத பாடம் இது, கண்ணைத் திறந்து வைத்திருப்பவனுக்கு மட்டும் புரியும்.

அப்படியும் மாறிப்போனால்? எந்தக் கதவு அருகில் இருக்கிறதோ அதில் ஏறு! உள்ளே நடந்து போய்க்கொள்ளலாம். வெளியே நிற்பவனுக்குத்தான் ரயில் போய்விடும்.

ஒன்றே ஒன்றில் கவனம். இரட்டை ரயில் என்றால் ஒரு பாதியிலிருந்து மறு பாதிக்கு உள்ளே வழி கிடையாது. பெர்லினிலிருந்து மேற்கே வரும் ஐ.சி.இ. ரயில்கள் பல, ஹம் நகரில் இரண்டாகப் பிரியும். ஒரு பாதி வூப்பர்டால் வழியாக கொலோனுக்கு. இன்னொரு பாதி டார்ட்மண்ட், எஸ்ஸன் வழியாக டுஸல்டார்ஃபுக்கு. தப்பான பாதியில் உட்கார்ந்தால் உன் பெட்டியும் நீயும் வேறு ஊருக்கு!

ஹம் என்ற பெயரை எங்கேயோ கேட்டிருக்கிறாயா? 2002-ல் கும்பாபிஷேகம் கண்ட காமாட்சி அம்பாள் கோயில் அங்கேதான் இருக்கிறது. இலங்கையிலிருந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்த தமிழர்கள், ஒரு தொழிற்பேட்டையின் நடுவே ராஜகோபுரம் எழுப்பினார்கள். தேர்த் திருவிழாவுக்கு ஆயிரக்கணக்கில் கூடுகிறார்கள். அவர்களில் எத்தனையோ பேர் மாற்றுத் துணிகூட இல்லாமல் அந்த நாட்டுக்குள் நுழைந்தவர்கள். மொழி தெரியாது. காகிதம் இல்லை. வரவேற்க ஆளில்லை.

நீயோ பாஸ்போர்ட், விசா, செல்போன், சார்ஜர், சக்கரப் பெட்டி சகிதமாக நின்றுகொண்டு பயமாக இருக்கிறது என்கிறாய்!

"மொழி தெரியாதே" என்று இனி என்னிடம் சொல்லாதே.

இன்னொரு பயம் இருக்கிறது. அதை நீ வாய்விட்டுச் சொல்லவே மாட்டாய்.

பின்னால் நிற்பவர்களின் கண்கள்!

ரயிலில் ஏறிவிட்டாய். பெட்டி ரேக்கில் ஏற மறுக்கிறது. நடைவழி அடைபட்டுவிட்டது. உனக்குப் பின்னால் பத்துப் பேர். யாரும் திட்டவில்லை. திட்டினாலும் தேவலை. அந்த மௌனம் சுடுகிறது. காது சிவக்கிறது. கை வழுக்குகிறது.

என்ன செய்யப் போகிறாய்? வெட்கத்தில் பெட்டியைக் கதவருகே அநாதையாக விட்டுவிட்டு இருக்கைக்கு ஓடுவாயா?

ஓடாதே! ஒதுங்கு. பக்கத்து இருக்கை வரிசைக்குள் ஒரு அடி நகர்ந்து நில். பத்துப் பேரும் போகட்டும். பிறகு நிதானமாக வை. ஏறுவதற்குத்தான் இரண்டு நிமிடம். அடுக்குவதற்கு அடுத்த நிறுத்தம்வரை நேரம் இருக்கிறதே!

மேலே பார்க்காதே, கீழே பார். இரண்டு இருக்கைகள் முதுகோடு முதுகு சேர்கிற இடத்தில் ஓர் இடைவெளி இருக்கும். நடுத்தரப் பெட்டி அங்கே கச்சிதமாக உட்காரும். தலைக்குமேல் தூக்கவே வேண்டாம். நூறு முறை பயணம் செய்தவர்கள்கூட இதைக் கவனிப்பதில்லை.

பாஸ்போர்ட், பணம், மருந்து மூன்றும் உன் உடம்போடு இருக்கட்டும். மிலான் சென்ட்ரலே, ரோம் தெர்மினி, பார்சிலோனா சாண்ட்ஸ், பிரஸ்ஸல்ஸ் மிடி போன்ற நிலையங்களில் ஜேப்படிக்காரர்கள் உண்டு. டிக்கெட் மெஷின் அருகே வலிய வந்து உதவுகிறவனுக்கு ஒரு புன்னகை, ஒரு "நோ". போதும். எழும்பூரில் உஷாராக இருக்கத் தெரிந்த உனக்கு இதைச் சொல்லித்தர வேண்டுமா என்ன?

நடுவில் ஒரு ஊரை எட்டிப்பார்க்க ஆசையா? பெட்டியை லாக்கரில் போடு. கொலோன் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் மூக்குக்கு நேரே தேவாலயம். கோபுரத்துக்கு 533 படி. பெட்டியோடு ஏறிப்பார், தெரியும்!

இறங்குகிற ஊர் வருகிறது. எப்போது எழுவாய்? ரயில் நின்ற பிறகா? மாட்டிக்கொண்டாய்! பத்து நிமிடம் முன்பே எழு. பெட்டியை எடு. கதவருகே நில். கதவு தானாகத் திறக்கும் என்று காத்திருக்காதே. பொத்தான் ஒளிரும். அழுத்து! அழுத்தாதவனை ரயில் அடுத்த ஊருக்கு அழைத்துப் போகும்.

இவ்வளவு செய்தும் தோற்றால்?

தோற்பாய். கட்டாயம் ஒரு நாள் தோற்பாய்! எல்லாம் சரியாகச் செய்திருப்பாய், ரயில் தாமதமாகும். ஜெர்மானியர்கள் நேரம் தவறாதவர்கள் என்று நம்பிக்கொண்டிருக்கிறாயா? 2024-ல் டாய்ச்ச பானின் தொலைதூர ரயில்களில் 62.5 சதவீதம்தான் நேரத்துக்கு வந்தன. அதுவும் ஆறு நிமிடத்துக்குள் தாமதமானால் அது 'நேரம்' என்றே கணக்கு!

இணைப்பு ரயில் கண்ணெதிரே போகும். பெட்டியோடு நடு பிளாட்பாரத்தில் நிற்பாய். அழுகை வரும். வரட்டும்.

அழுதுகொண்டே நட! தகவல் மேசைக்கு நட. தாமதம் 20 நிமிடமோ அதற்கு மேலோ என்றால், ஒரே ரயிலுக்கென்று வாங்கிய மலிவு டிக்கெட்டும் கட்டு அவிழ்ந்துவிடும், அடுத்த ரயிலில் ஏறலாம். போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் கட்டணத்தில் 25 சதவீதம், இரண்டு மணி நேரம் தாண்டினால் 50 சதவீதம் திரும்பக் கேட்கலாம். ஐரோப்பிய ஒன்றியம் உனக்குத் தந்திருக்கும் உரிமை அது. கேட்காதவனுக்குக் கிடைக்காது. கூச்சப்பட்டு நின்றாயா? உன் காசு அவர்கள் கல்லாவில்!

அம்மா, நீங்கள் ஏன் ஓரமாக நிற்கிறீர்கள்? மகளின் பிரசவத்துக்கு முனிக் போக வேண்டும், முட்டி வலி, இதெல்லாம் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்வது என்கிறீர்கள். இல்லையம்மா. உங்களுக்கும்தான்!

வயதாலோ உடல்நிலையாலோ நடமாடச் சிரமப்படுகிறவர்களுக்கு உதவ வேண்டும் என்று அங்கே சட்டமே இருக்கிறது. 24 மணி நேரத்துக்கு முன் சொல்லி வைத்தால், பெரிய நிலையங்களில் ஆள் வந்து ஏற்றி இறக்குவார். கட்டணம் இல்லை. மகளை இன்றைக்கே பதிவு செய்யச் சொல்லுங்கள். "யாருக்கும் தொந்தரவு கொடுக்கக் கூடாது" என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லியாயிற்று, போதும். பெட்டியில் லேகியத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள், உரிமையைக் குறைத்துக்கொள்ளாதீர்கள்!

தம்பி, நீ அதைக் கேட்டுவிட்டு "எனக்கும் ஆள் வருவாரா" என்று பார்க்காதே. உனக்குக் கையிருக்கிறது, காலிருக்கிறது. உனக்கு வரமாட்டார். நீதான் அந்த அம்மாவின் பெட்டிக்கு ஒரு கை கொடுக்க வேண்டியவன். ஒரு கை காலியாக இருந்தால்தானே கொடுப்பாய்?

இனி என்ன சாக்கு மிச்சம்? "கிளம்பும்போது பார்த்துக்கொள்ளலாம்" என்பதா?

இன்று ராத்திரியே பார்!

பெட்டியை அடை. பூட்டு. ஒற்றைக் கையால் தூக்கு. லிஃப்ட் பக்கம் போகாதே. தரைத்தளத்திலிருந்து மொட்டைமாடிவரை நிற்காமல் ஏறு. பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் திறந்து பார்ப்பார். பார்க்கட்டும். பைத்தியம் என்பார். சொல்லிவிட்டுப் போகட்டும்!

இரண்டாவது மாடியிலேயே மூச்சு வாங்குகிறதா? கைப்பிடி உள்ளங்கையை அறுக்கிறதா?

அங்கேயே, அந்தப் படியிலேயே உட்கார். பெட்டியைத் திற. அரிசியை எடு. இரண்டாவது ஷூவை எடு. படிக்கவே போகாத அந்தத் தடிப் புத்தகத்தை எடு. மூடு.

மறுபடி கீழே போ. மறுபடி ஏறு!